விதை வந்த வழி

ஈத்தவிளையில் காச்சில் கிழங்குக் கொடிகள் கம்பை விட்டு இறங்கி நடக்கத் தொடங்கியது ஆடி மாதத்து முதல் வியாழக்கிழமை, காலை எட்டரை பஸ் போன பிறகு. அதற்கு முந்தைய பதினொரு வருடங்களில் அந்த ஊர் வேளாண்மை ஆபீசுக்கு முப்பத்திரண்டு மனுக்கள் எழுதியிருந்தது. முப்பத்திரண்டும் ஒரு மேசையிலிருந்து அடுத்த மேசைக்குப் போகாமல், வைத்த இடத்திலேயே கிடந்து மட்கின. மனு நகரவில்லை, அதனால் கொடி நகர்ந்தது என்று பிற்பாடு சிலர் விளக்கம் சொன்னார்கள். அன்று காலை யாரும் விளக்கம் கேட்கவில்லை. வேர் குழியிலேயே இருக்க, கொடி மட்டும் சுற்றிய சுற்றை ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டு தரைக்கு வந்து, கூலி வாங்கப் போகிற ஆட்களைப் போல அவசரமில்லாமல், ஒருவன் வெற்றிலை போட்டுத் துப்புகிற நேரத்துக்கு இரு கை விரித்த அளவு ஒரு பாகம் நீண்டு, வேலியின் அடியில் நுழைந்து ரோட்டைத் தொட்டது.

எல்லாக் கொடியும் போகவில்லை. இலையில் தேமல் கண்ட கொடிகள்தான் போயின. பச்சைக்கும் மஞ்சளுக்கும் நடுவில் எல்லைத் தகராறு நடப்பதுபோலத் திட்டுத் திட்டாகி, நரம்பு மட்டும் கறுத்துப் புடைத்து, நுனி இலை செருப்பு வாரைப்போல ஒடுங்கிப்போன கொடிகள். ஊரில் அப்படிப்பட்டவைதான் அதிகம் என்பதால் மதியத்துக்குள் ரோட்டில் கால் வைக்க இடம் இல்லாமல் போனது.

எஸ்தர்பாய் வீட்டை ஒட்டிய தன் விளையில் நின்று அறுபத்தைந்து கொடிகளில் அறுபத்திரண்டு இறங்கிப் போவதைப் பார்த்தாள். அவளுக்கு அறுபத்து மூன்று வயது. விவசாயத் தொழிலாளர் சங்கத்துக்கு இருபத்தொன்பது வருடம் செயலாளர். பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். மற்றதெல்லாம் துண்டுப் பிரசுரத்தில் படித்தது. அந்த ஊரில் ஒரு தாளில் கறுப்பாக ஏதாவது அச்சடித்திருந்தால் அதை அவளிடம் கொண்டுபோய்க் கொடுத்து, அவள் வாய் அசைவதைப் பார்த்துக்கொண்டு நிற்பதுதான் வழக்கம். முப்பத்திரண்டு மனுவும் அவள் எழுதியவை. ஒவ்வொன்றின் முடிவிலும் "இனியும் பொறுக்க மாட்டோம்" என்று எழுதி, முப்பத்திரண்டு முறை பொறுத்திருந்தாள்.

"மைனி, எனக்க கொடியெல்லாம் உனக்க வீட்டுக்கு வருதே, சோறு வடிச்சிட்டியா?" என்று வேலிக்கு வெளியே நின்று கேட்டாள் ஞானாபரணம். எஸ்தரின் கணவனுக்குத் தங்கை, இரண்டு வீடு தள்ளி இருப்பவள்.

"வரட்டும். எனக்க கொடி எங்கோட்டுப் போவுதுன்னு பாப்போம்."

"எனக்க கொடி ஏன் உனக்க வீட்டுக்கு வரணும்?"

எஸ்தர் வேலியின் அடியில் நுழையும் கொடியைப் பார்த்தாள். "நீ விதை வாங்கினது எங்கிட்டயில்லா," என்றாள்.

அப்படித்தான் அந்த வழி ஊருக்குப் புரிந்தது. ஒவ்வொரு கொடியும் தன்னுடைய விதைக்கிழங்கு எந்த வீட்டிலிருந்து வந்ததோ அந்த வீட்டைத் தேடிப் போனது. போய்ச் சேர்ந்ததும் அந்த வீட்டுக் கொடியோடு முறுக்கிக்கொண்டு, அந்த வீட்டுக்கு விதை கொடுத்த வீட்டைத் தேடி மறுபடியும் கிளம்பியது.

இரண்டே நாளில் ஊர் அதற்குப் பழகிவிட்டது. பெண்கள் சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துத் தாண்டினார்கள். எட்டரை பஸ் டிரைவர், கொடி ரோட்டைக் கடந்து முடிக்கும்வரை எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கிப் பீடி குடித்தார். மாதா குருசடிச் சப்பரத்தை எந்த வழியாகக் கொண்டுபோவது என்று பங்குப்பேரவை கூடிப் பேசி, கொடிக்குக் குறுக்கே போகாமல் கொடியோடு கூடவே போவதென்று முடிவெடுத்தது. ஆடுகள் முகர்ந்துபார்த்து விலகின. பஞ்சாயத்தார் பள்ளிக்கூடத்தின் முன்னால் "மெதுவாகச் செல்லவும்" என்று பலகை வைத்தார்கள். அது பஸ்ஸுக்கா கொடிக்கா என்று யாரும் கேட்கவில்லை.

பழக முடியாமல் போனது மற்றொன்று. கிழங்கு வியாபாரம் செய்யும் நேசையன், தன் விதை மனைவி வீட்டிலிருந்து வந்தது என்று ஒன்பது வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தவன். அவன் கொடிகள் பதினேழும் நேராகக் கன்னியாஸ்திரீகள் மடத்தின் பின்பக்கத் தோட்டத்துக்குப் போய் மதில் ஏறின.

"வழி தெரியாமப் போயிட்டு," என்றான் நேசையன்.

"பதினேழுக்குமா?" என்று கேட்டாள் ஞானாபரணம்.

மடத்துச் சிஸ்டர் ஒருவர் வெளியே வந்து, "கேட்டிருந்தா தந்திருப்போமே அண்ணே," என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார். நேசையன் நான்கு நாள் கடை திறக்கவில்லை. பேச்சு வார்த்தை இல்லாத அண்ணன் தம்பி வீடுகளுக்கு நடுவே கொடி போனது. மூன்றாம் ஆள் வழியாக வாங்கியதெல்லாம் வெளியே வந்தது. மதியம் ஊர் அடங்கும் நேரத்தில் சிலர் எழுந்துபோய்க் கொடியின் நுனியைப் பிடித்துப் பகையாளி வீட்டுப் பக்கம் திருப்பி வைத்தார்கள். கொடி அவர்கள் முதுகு மறையும்வரை பொறுத்திருந்து, பழையபடி திரும்பியது.

ஈத்தவிளையில் விதைக்கிழங்கை யாரும் விற்றதில்லை. கேட்டவரிடம் இல்லை என்று சொன்ன வீட்டில் காச்சில் படராது என்பது அங்கே வழக்கம். அந்த வழக்கத்தைச் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொள்வார்கள். ஆனால் கொடுத்தது எதை? மார்கழியில் தோண்டியதும் பருத்த கிழங்கு சந்தைக்குப் போகும். அதற்கு அடுத்தது அடுப்பில் ஏறி, வெந்து, காந்தாரி மிளகுத் துவையலோடு இலைக்கு வரும். விரல் மாதிரிச் சூம்பியது, கணு விழுந்தது, விற்கவும் முடியாமல் தின்னவும் முடியாமல் மிஞ்சுகிறதே, அதை விதைக்கு வைப்பார்கள். தேமல் பிடித்த கொடியின் அடியில்தான் கிழங்கு சூம்பும். ஆக, வருடா வருடம் அந்த ஊர் நல்லதையெல்லாம் விற்றுத் தின்றுவிட்டு, நோயை மட்டும் கவனமாகப் பொறுக்கியெடுத்து, துண்டு போட்டு, சாணிப்பாலில் முக்கி, சாம்பல் பூசி, ஓலைப்பெட்டியில் வைத்து, மூடி, அடுத்த வீட்டுக்குச் சிரித்த முகத்தோடு கொடுத்துக்கொண்டிருந்தது.

இதைத்தான் வின்சி சொன்னாள். வேளாண்மை ஆபீசில் புதிதாக வந்த உதவி அலுவலர், ஸ்கூட்டரில் வந்தாள். கொடி நடப்பதை டேப் வைத்து அளந்து பார்த்து, நடப்பதற்குப் படிவத்தில் கட்டம் இல்லாததால் "படர்தல்: மிகுதி" என்று எழுதிக்கொண்டாள். பிறகு எஸ்தரின் விளைக்கு வந்து ஒரு இலையைப் புரட்டிக் காட்டினாள்.

"அம்மா, இது வைரஸ். வந்த கொடிக்கு மருந்தே கிடையாது. வேரோட பிடுங்கி எரிக்கணும். இலைக்கு அடியில இந்த அசுவினிப் பூச்சி ஒரு கொடியில உறிஞ்சி அடுத்த கொடியில கொண்டு விடும். அது கொண்டு விடுறதைவிட நீங்க பெட்டியில வச்சுக் கொண்டு விடுறதுதான் அதிகம். இப்ப கம்பிலயே நிக்குத கொடிகள்ல ஒரு துணியக் கட்டிப் போடுங்க. இலை காஞ்சு போச்சுன்னா எது நல்லது எது கெட்டதுன்னு தெரியாது. மார்கழியில அதைத் தனியாத் தோண்டி, அதுல இருக்கதுலயே பெரிய கிழங்கை விதைக்கு எடுங்க. சின்னதைத் தின்னுங்க."

"யாரு கொண்டுவந்தா இதை?"

"யாரு கொண்டுவந்தாலும் பிடுங்கித்தான் ஆவணும்."

"பதினோரு வருஷமா இலையைக் கையில எடுத்துட்டு வாறேன். யூரியா போடு, யூரியா போடுன்னு சொன்னது உங்க ஆபீசு."

"அப்போ நான் ஆறாங் கிளாஸ் படிச்சிட்டு இருந்தேன் அம்மா."

"அப்போ ஆறாங் கிளாசுகிட்டதான் நான் நியாயம் கேக்கணுமாக்கும். போ பிள்ளே. யாரு கொண்டுவந்தான்னு கொடியே சொல்லும். சொன்ன பெறவு வா, பிடுங்குததைப் பேசலாம்."

வின்சி ஸ்கூட்டரை உதைத்துக் கிளப்பிப் போனாள். ஊரில் கம்பை விட்டு இறங்காத கொடிகள் ஆங்காங்கே நின்றன: தேமல் இல்லாமல், ஒரே பச்சையில், உள்ளங்கை அகல இலையோடு. அவற்றைப் பார்க்கவே ஊருக்குப் பிடிக்கவில்லை. எல்லாரும் ரோட்டுக்கு வந்திருக்கும்போது வீட்டுக்குள் இருப்பவனைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள். எஸ்தரே தன் விளையில் நின்ற மூன்றைக் காட்டி, "கருங்காலிகள்," என்றாள். நான்கைந்து வீடுகளில் அவற்றை வெட்டியும் போட்டார்கள்.

ஆடி பத்தாம் தேதி வாக்கில் ஊரின் எல்லாக் கொடிகளும் ஒன்றாக முறுக்கிக்கொண்டு, தேர் வடத்தைவிடப் பருத்த ஒரே வடமாகி, ஊரை விட்டு வெளியேறி டவுன் ரோட்டில் இறங்கின. டவுன் மூன்று மைல். அந்த ரோட்டில் ஈத்தவிளைக்கும் காச்சிலுக்கும் சம்பந்தமுள்ள இடம் ஒன்றே ஒன்றுதான்: ஆபீசின் பழைய விதைக் கிட்டங்கி.

எஸ்தருக்கு அன்று வந்த சந்தோஷம் அவள் கல்யாணத்தில்கூட வந்ததில்லை. கோபம் கனிந்து பழமாகிக் கையில் விழுந்ததுபோல் இருந்தது. "பாத்தியளா," என்று டீக்கடை முன்னால் நின்று சொன்னாள், "நம்ம வாயில மண்ணப் போட்டது யாருன்னு பாத்தியளா. மனுவைத்தான் குப்பையில போடலாம். இதை எந்தக் கூடையில போடுவானுவ?" வடத்தின் நுனி கிட்டங்கியைத் தொடும் நாளில் ஊரே கூடவே நடந்து போவதென்று முடிவானது. அவள் தட்டி எழுதினாள். கோஷமும் எழுதினாள்.

ஆவணி மூன்றாம் தேதி காலை இருநூறு பேர் வடத்தின் இருபக்கமும் நடந்தார்கள். எஸ்தர் முன்னால் நடந்தாள். நடக்கிற வேகம் கொடியின் வேகம். அவ்வளவு மெதுவாக நடக்கிறவளுக்கு யோசிக்காமல் இருக்க முடியாது. அவள் அந்த ரோட்டில் கடைசியாக இப்படி நடந்தது பதினொரு வருடத்துக்கு முன்பு, பெருவெள்ளத்துக்குப் பின்வந்த பங்குனியில். ஐப்பசியில் வந்த தண்ணீர் குழியில் கிடந்த அத்தனை கிழங்கையும் அழுகவைத்து, நடுவதற்கு ஊரில் ஒரு துண்டு இல்லாமல் ஆக்கியிருந்தது. கிட்டங்கியில் விதைக்கிழங்கு மூட்டை மூட்டையாகப் பூட்டிக் கிடக்கிறது என்று தகவல் வந்தது. நாற்பது பெண்களைக் கூட்டிக்கொண்டு போய் அவள் கடப்பாரையால் பூட்டை உடைத்தாள். மூட்டைகளைத் தலையில் ஏற்றி ஊர் முழுக்கப் பங்கு வைத்தாள். பதினேழு நாள் ஜெயிலில் இருந்தாள். அந்த விதைக்கு ஊர் "சங்கக் காச்சில்" என்று பேர் வைத்தது. பூட்டை உடைத்த நாளில் வருடம்தோறும் கிழங்கு அவித்துத் தின்றார்கள்; முதல் துண்டு அவளுக்கு.

இத்தனையும் ஊருக்குத் தெரியும். ஊருக்குத் தெரியாதது ஒன்று இருந்தது. கிட்டங்கிக் கதவைத் திறந்தபோது ஒவ்வொரு மூட்டையின் மேலும் சிவப்புப் பெயிண்டில் எழுதியிருந்தது. ஞானாபரணம் அன்று ஒரு மூட்டையைத் தலையில் வாங்கிக்கொண்டே, "மைனி, செவப்புல என்னமோ எழுதியிருக்கே, என்னது?" என்று கேட்டாள். அந்த நாற்பது பேரில் எழுத்துத் தெரிந்தவள் எஸ்தர் ஒருத்திதான். எழுத்துக்கூட்டாமலே வாசித்தாள்: விதைக்கு ஆகாது. வாசித்துவிட்டு, "ஆபீசு நம்பரு. தூக்கு நீ," என்றாள்.

ஏன் அப்படிச் சொன்னாள் என்று கேட்டால் அவளிடம் பதில் உண்டு. அதே வெள்ளத்தில் நிவாரண அரிசி மூட்டையில் "உண்ணத் தகுதியற்றது" என்று எழுதி, பின்வாசல் வழியாக லாரியில் ஏற்றியதைத் தன் கண்ணால் பார்த்தவள் அவள். அரசாங்கப் பெயிண்டு எதைச் சொல்கிறதோ அதற்கு நேர் எதிரானதுதான் உண்மை என்று சங்க வேலையில் கற்றுக்கொண்டவள். அந்தப் பதில் பதினொரு வருடமாக அவளுக்குப் போதுமாக இருந்தது. முதல் தேமல் இலையைப் பார்த்த நாளிலும் போதுமாக இருந்தது. இப்போது, வடத்தின் பக்கத்தில், வெற்றிலை போட்டுத் துப்புகிற நேரத்துக்கு ஒரு பாகமாக நடக்கும்போது, அது போதவில்லை. பின்னால் இருநூறு பேர் அவள் எழுதிக்கொடுத்த கோஷத்தைப் போட்டார்கள். அவள் வாயும் அசைந்தது, சத்தம் வரவில்லை.

கிட்டங்கியின் கதவை ஆபீஸ்காரர்கள் முன்னதாகவே திறந்து வைத்திருந்தார்கள். வடம் படியேறி உள்ளே போனது. காலியான தளத்தின் நடுவில், அந்த மூட்டைகள் ஒரு காலத்தில் அடுக்கியிருந்த இடத்தில், ஒன்றன்மேல் ஒன்றாகச் சுருண்டு படுத்தது. அதற்கு மேல் போகவில்லை. வாசலில் வின்சியும் அவளுடைய மேலதிகாரியும் நின்றார்கள். மேலதிகாரி கர்ச்சீப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

எதிர்த்த ஓட்டு வீட்டிலிருந்து ஒரு கிழவர் கம்பை ஊன்றி வந்தார். தங்கையன், கிட்டங்கியில் காவலாகவும் கணக்குப் பார்ப்பவராகவும் இருந்து ஓய்வு பெற்றவர். பதினொரு வருடத்துக்கு முன்பு டவுன் சுவரெல்லாம் "விதையைப் பதுக்கிய கள்ளன் தங்கையன்" என்று ஒட்டிய போஸ்டர் எஸ்தரின் கையெழுத்து. அதில் அவர் மகளுக்குப் பேசியிருந்த கல்யாணம் நின்றுபோனது. இரண்டாவதாக ஒன்று பேச அவருக்கு வாய் எழவில்லை.

"நான் பதுக்கல்ல," என்றார் தங்கையன், சுருண்டு கிடந்த கொடியைப் பார்த்துக்கொண்டே. "அது நோய் விதை. எரிக்கணும்னு மேலயிருந்து கடுதாசி வந்தது. எரிக்கதுக்கு ஒரு கையெழுத்து வேணும். அந்தக் கையெழுத்து மூணு மாசம் வரல்ல. அதுவரைக்கும் எவனும் தொடக்கூடாதுன்னு ஒவ்வொரு மூட்டையிலயும் நான்தான் செவப்புப் பெயிண்டுல எழுதினேன்."

"பொய்," என்றாள் ஞானாபரணம். "நான் தலையில வச்சுக் கொண்டு போனவளாக்கும். ஆபீசு நம்பருதான் எழுதியிருந்தது. மைனி வாசிச்சாவ."

"நம்பர் எழுதல்ல அம்மா. விதைக்கு ஆகாதுன்னு எழுதினேன்."

"வயசு எழுவது ஆவப்போவுது, இப்பவும் கள்ளம் பேசுதியா ஓய்," என்று நேசையன் கிழவரின் சட்டைக் காலரைப் பிடித்தான். மடத்து மதிலில் போன மானத்தையெல்லாம் அங்கே மீட்டுவிடுகிறவன் மாதிரிப் பிடித்தான். கம்பு கீழே விழுந்தது. பின்னாலிருந்து இரண்டு மூன்று பேர் நெருங்கினார்கள். கிழவர் அவர்களைப் பார்க்கவில்லை, எஸ்தரைப் பார்த்தார். கெஞ்சுகிற பார்வை இல்லை அது. அவளுக்கு வாசிக்கத் தெரியும் என்று தெரிந்த ஒருவருடைய பார்வை.

அவள் பேசாமல் இருந்தால் போதும். அடி விழும், ஆபீஸ் பயப்படும், நாளைக்குப் பேப்பரில் வரும், அவள் பேர் இன்னொரு முறை சுவரில் ஏறும். வரும் பங்குனியில் ஊர் மறுபடியும் சூம்பின கிழங்கைப் பொறுக்கிச் சாம்பல் பூசும்.

"கைய எடு லேய் நேசையா," என்றாள் எஸ்தர்.

"எக்கா, இவன் நம்மள..."

"கைய எடுன்னேன். எழுதியிருந்தது. நான் வாசிச்சேன்."

கோஷம் போட்டுக்கொண்டிருந்த கடைசி வரிசையும் நின்றது. ஞானாபரணம் அருகே வந்தாள்.

"என்ன வாசிச்ச?"

"விதைக்கு ஆகாதுன்னு."

"ஆபீசு நம்பருன்னுல்லா எங்கிட்டச் சொன்ன."

"பொய் சொன்னேன்."

ஞானாபரணம் கையை ஓங்கவில்லை, கத்தவில்லை. "எனக்க மவளைக் கெட்டிக் குடுத்த வீட்டுக்கும் நானே பெட்டியில வச்சுக் குடுத்தேன்," என்றாள். "அங்கயும் பட்டுப்போச்சு." சொல்லிவிட்டுத் திரும்பி, வந்த ரோட்டில் நடந்தாள்.

எஸ்தர் வாசலில் நின்ற மேலதிகாரியின் பக்கம் திரும்பினாள். தன்மேல் வந்த கோபம் அவளை வாயடைக்கச் செய்யும் என்று அவர் நினைத்திருந்தால் அது தப்பு.

"தங்கையன் எழுதினது உண்மை. முப்பது வருஷத்துல உங்க பெயிண்டு சொன்ன ஒரே உண்மை. நல்ல அரிசியில ஆகாதுன்னு எழுதின அதே பெயிண்டுல, அதே எழுத்துல, இதையும் எழுதினா நான் எப்படி வகை பிரிக்க? இது என்ன நோய், எங்க வந்தது, நட்டா என்ன ஆவும்னு ஊர்ல வந்து ஒரு தடவை, ஒரே ஒரு தடவை ஒருத்தன் சொன்னானா? பூட்டத் தெரிஞ்சுது. எழுதத் தெரிஞ்சுது. சொல்லத் தெரியல்ல. எரிக்கக் கையெழுத்து வேணும், மூணு மாசம். பெறவு யூரியா, பதினோரு வருஷம். அது உங்க குத்தம். வாசிச்சதை மறைச்சது எனக்க குத்தம். என்னதைக் காட்டி உங்களதைக் கழுவப் பாக்காதீங்க. நான் எனக்கதை எடுத்துட்டுப் போறேன். நீங்க உங்களதை எடுத்துக்கிடுங்க."

மேலதிகாரி கர்ச்சீப்பை மடித்துப் பையில் வைத்தார். வின்சி கீழே குனிந்து தங்கையனின் கம்பை எடுத்துக் கொடுத்தாள்.

திரும்பும்போது எஸ்தரோடு யாரும் நடக்கவில்லை. தட்டியை அவளே தூக்கிக்கொண்டு வந்தாள். வின்சி ஸ்கூட்டரை மெதுவாக்கி, "ஏறுங்க அம்மா," என்றபோது, "உனக்க வண்டியில ஏறினா அதுக்கும் ஒரு பேரு வைப்பானுவ, போ," என்றாள். கொஞ்சதூரம் போனதும் கூப்பிட்டாள். "பிள்ளே, பிடுங்கினா குழியில ஒரு துண்டு மிஞ்சினாலும் முளைக்குமா?"

"முளைக்கும். அதுலயும் தேமல் வரும்."

மறுநாள் காலை அவள் தன் விளையில் அறுபத்திரண்டு குழிகளையும் தோண்டினாள். வேரை எடுத்து, மண்ணைச் சலித்து, விரலளவு துண்டுகூட விடாமல் பொறுக்கிக் குவித்துத் தீ வைத்தாள். ஒரு குழியில் வேர் அறுந்ததும், அதன் கொடி வேலியில் தொடங்கி மூன்று மைல் தூரத்துக்கும் அப்படியே துவண்டு விழுந்ததைப் பஸ் டிரைவர் பார்த்தார். மூன்று கருங்காலிகள் மட்டும் நின்றன. தன் பழைய சிவப்புச் சேலையைக் கிழித்து அவற்றில் கட்டினாள்.

அதே நாள் சாயங்காலம் சங்கம் கூடியது. பலகையிலிருந்து அவள் பேரை அழித்தார்கள். அழித்தவன் அவளிடம் எழுதப் படித்தவன். கிழங்கு அவிக்கும் நாளையும் நிறுத்தினார்கள். அவள் அழவும் இல்லை, ஆள் விட்டுப் பேசவும் இல்லை, டவுனுக்குப் போய்க் கொட்டை எழுத்தில் "தங்கையன் கள்ளனல்ல. கள்ளம் சொன்னவள் நான். எஸ்தர்பாய்" என்று எழுதி, முன்பு ஒட்டிய சுவர்கள் நினைவிருந்த மட்டும் ஒட்டிவிட்டு, கிட்டங்கிக்கு எதிர்த்த வீட்டுக் கதவைத் தட்டினாள். உள்ளே கம்பு ஊன்றும் சத்தம் கதவுவரை வந்து நின்றது. கதவு திறக்கவில்லை. திறக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை என்று நினைத்துக்கொண்டு திரும்பினாள்.

மூன்றாம் நாள் நேசையன் மம்பட்டியோடு வந்து அவள் வேலியில் நின்றான்.

"எக்கா, உம்மேல எனக்கு இருக்க கோவம் கொஞ்சமில்ல."

"வச்சுக்க. ஆறிப்போவ விடாதே."

"ஆனா உன்னை எனக்குத் தெரியும். ஊருக்காரன் பிடுங்கல்லன்னா நீயே ஒவ்வொரு விளையா ஏறி நல்லதையும் சேத்துப் பிடுங்கிப் போடுவ. அதுக்கு முன்ன நானே பிடுங்கிடுதேன். எது எதுன்னு காட்டு."

அவள் இலையைப் புரட்டிக் காட்டினாள். அவன் கற்றுக்கொண்டுபோய் அடுத்த வீட்டுக்காரனுக்குக் காட்டினான், தான் கண்டுபிடித்தது மாதிரி. ஒன்பது நாள் ஈத்தவிளைக்கு மேலே புகை நின்றது. சிலர் பிடுங்க மறுத்தார்கள். அவர்கள் வீட்டுக்கு முன்னால் மற்றவர்கள் கூடி நின்று, அவர்கள் குடும்பச் சரித்திரத்தை முதலிலிருந்து சொல்லத் தொடங்கியதும் பிடுங்கினார்கள். கம்பில் நின்றவை ஊர் முழுக்க எண்ணியபோது நாற்பத்து மூன்று. வெட்டிப்போட்டவர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். துணி கட்டிய அந்த நாற்பத்து மூன்றின் கிழங்கும் மார்கழியில் தனியாகத் தோண்டப்பட்டு, பருத்ததெல்லாம் விதைக்குப் போய், ஊர் முதன்முறையாகச் சூம்பின கிழங்கைத் தின்றது. நார் பல்லில் மாட்டியது. வாய்க்கு வந்தபடி எஸ்தரைத் திட்டிக்கொண்டே தின்றார்கள்.

அடுத்த ஆடியில் கொடிகள் கம்பிலேயே இருந்தன. ஊரில் ஒருவரை ஒருவர் நம்புவது மட்டும் நின்றுபோயிருந்தது. யாரும் யாரிடமும் கேட்காமல் அடுத்தவன் விளைக்குள் நுழைந்து இலையைப் புரட்டிப் பார்த்தார்கள். எஸ்தரின் விளைக்குத்தான் அதிகம் பேர் வந்தார்கள்: பால் வாங்கப் போகிறவர்கள், பள்ளிக்கூடம் போகிற வாத்தியார், வாரம் ஒருமுறை வின்சி, தினமும் காலையில் ஞானாபரணம். ஞானாபரணம் ஒரு வார்த்தை பேசமாட்டாள், ஒவ்வொரு கொடியிலும் மூன்று இலை புரட்டுவாள், போவாள். எஸ்தர் பல்லைக் கடித்துக்கொண்டு வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருப்பாள்.

ஒருநாள் அவள் செருப்பை மாட்டிக்கொண்டு நேசையனின் விளைக்குள் போனாள்.

"யாருடே அது விளைக்குள்ள?" என்று வீட்டுக்குள்ளிருந்தே கத்தினான் நேசையன். வெளியே வந்து அவளைப் பார்த்ததும், "நீயா. சங்கத்துலயிருந்து கழிச்ச பெறவும் உனக்குக் கை சும்மா இருக்காதா எக்கா?" என்றான்.

அவள் அவனுடைய கொடிகளிலேயே உயரமானதன் அடியில் நின்றிருந்தாள். தென்னையில் பாதி ஏறியிருந்த கொடி. ஒரு இலையைக் கிள்ளி அவன் கையில் கொடுத்தாள்.

"வெயில்ல வாடினது," என்றான்.

"வெளிச்சத்துல பிடிச்சுப் பாரு," என்றாள்.

அவன் இலையை வானத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தான். நரம்பை ஒட்டிப் பச்சை. நடுவில் மெல்லிய மஞ்சள், பால் சிந்தினதுபோல். அடிப்பக்கத்தில் கறுப்பாக நான்கைந்து அசுவினி. அவன் கழுத்து சிவந்தது. இலையைக் கசக்கிப் போட்டுவிட்டு வேகமாக வீட்டுக்குள் போனான். வெட்டுக்கத்தி எடுக்கப் போகிறான் என்றே அவள் நினைத்தாள், நினைத்தும் நகரவில்லை.

மம்பட்டியோடு வந்தான்.

"நீ தள்ளி நில்லு," என்றான். "எனக்க கொடி. நானே தோண்டிக்கிடுதேன்."

அவள் இரண்டடி விலகினாள். அண்ணாந்து பார்த்தாள். உச்சியில் கொடி அதற்குள் ஒரு சுற்றைப் பிரித்திருந்தது. நேசையனும் பார்த்தான். பிறகு குனிந்து, மூன்றாவது வெட்டில் வேரை எடுத்தான்.